வாரம் ரெண்டரை கிலோ

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிறு குலுங்கி ஊரே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. அதை இப்போதே எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைத்துவிடலாம்தான், ஆனால் வேகாத முட்டையை ஓட்டோடு நீட்டியது போல ஆகிவிடும், அதனால் கொஞ்சம் பொறுங்கள், முதலில் கம்பியைப் பார்ப்போம், கம்பியைத் தூக்கியவனைப் பார்ப்போம், அவனைத் தூக்க வைத்த குரலைக் கேட்போம், சிரிப்பு எங்கேயும் ஓடிப்போகாது, அது அந்தோணியார் சப்பரத்துக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்துகொண்டிருக்கிறது.

சங்குமுனை என்ற கடற்கரை ஊரில், ஐஸ் கம்பெனிக்கும் கோயிலுக்கும் நடுவில், தஸ்நேவிஸ் மாஸ்டரின் ஜிம் இருந்தது. மாஸ்டருக்கு மணலில் படகை இழுக்கிற மாதிரி ஒரு குரல், அந்தக் குரலில் அவர் எண்ணுகிற எண்ணிக்கைக்கு ஊரில் தனிப்பேர், ஒன்றிலிருந்து ஏழு வரை நேர்மையாக எண்ணுவார், எட்டு வந்ததும் அங்கேயே நங்கூரம் போட்டுவிடுவார், "எட்டு... கடைசி ஒண்ணு... எட்டு... ஏல கடைசி ஒண்ணுல... எட்டு" என்று அவருடைய கடைசி ஒன்று எப்போதும் மூன்றாக இருக்கும், அது பொய் என்று கம்பிக்கு அடியில் கிடக்கிற எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஒருவர் விடாமல் தூக்குவார்கள், ஏனென்றால் அந்தக் குரல் கேட்டால் கை தானாக மேலே போகும்.

மாஸ்டரின் இளைய மகள் ஜெனோவாவுக்குப் பதினேழு வயது, அவள் தொண்டைக்குள் ஊரே வாடகைக்குக் குடியிருந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் செருமுகிற செருமலும், கருவாட்டுக்காரி தெரசம்மா காக்கையை விரட்டுகிற வசவும், மீன் ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் சொல்கிற விலையும், மாலை ஐந்து மணிக்கு ஐஸ் கம்பெனி ஊதுகிற சங்கும் அவள் வாயைத் திறந்தால் வரிசையில் நின்று வெளியே வரும். ஒருமுறை அவள் நாலு மணிக்கே சங்கு ஊதி ஐஸ் கம்பெனியில் பாதிப் பேர் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். "ஏட்டி, ஒன் சொந்தக் கொரல் எதுட்டி?" என்று தோழி பவுலின் கேட்டபோது, ஜெனோவா பவுலின் குரலிலேயே "தெரியலியேட்டி" என்றாள்.

அந்த வருடம் மூத்த மகளின் பிரசவத்துக்காக மாஸ்டரும் அவர் மனைவியும் மஸ்கட் போனார்கள், திருவிழாவுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு. ஜிம் போன் ஜெனோவா கையில். யார் யார் என்ன தூக்க வேண்டும் என்று மாஸ்டர் அங்கிருந்து குரலாக அனுப்புவார், அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவாள், கேட்டுவிட்டு எல்லோரும் தூக்குவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் கஸ்பார் வந்தான்.

கஸ்பார் தையல்காரன், முப்பத்தொரு வயது, சாமியார் அங்கியிலிருந்து பள்ளிக்கூடச் சீருடை வரை ஊருக்கே அவன்தான் தைத்தான், ஆனால் ஆளைப் பார்த்தால் ஊசி, காதில் நூலைக் கோத்து அவனைக் கொண்டே தைத்துவிடலாம் போலிருக்கும். திருவிழாவில் அந்தோணியாரைத் தோளில் சுமந்து போகிற சப்பரத்தின் முன் வலது தண்டு அவன் அப்பா இருபத்தாறு வருடம் தோள் கொடுத்த இடம். அப்பா போன பிறகு இரண்டு திருவிழாக்களில் வேறு யாரோ தோள் கொடுத்தார்கள். மூன்று திருவிழா தொடர்ந்து தோள் வைக்காத வீட்டுக்கும், நடுவழியில் இறக்கி வைத்த வீட்டுக்கும் அந்தத் தண்டு திரும்ப வராது என்பது சங்குமுனையின் ஏற்பாடு. இது மூன்றாவது திருவிழா. "நீ தைக்கிற துணியே ஒனக்குப் பாரம், நீ சப்பரஞ் சொமக்கப் போறியாக்கும்? பேசாம வேற வீட்டுக்கு விட்டுக்குடுல" என்று கமிட்டித் தலைவர் சில்வேறா அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சொன்னபோது, கஸ்பார் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்துத் தன் கையைச் சுற்றி அளந்தான், ஒன்பதே முக்கால் இன்ச், அளந்துவிட்டு நேரே ஜிம்முக்கு நடந்தான். திருவிழாவுக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது.

மாஸ்டர் அவனுக்கென்று மஸ்கட்டிலிருந்து பொறுப்பாக ஒரு திட்டம் அனுப்பினார், வாரத்துக்கு மூன்று நாள், கால், முதுகு, தோள், எதை எத்தனை தடவை, எப்போது கூட்டுவது, என்ன தின்பது என்று ஆறு நிமிட நீளத்துக்கு. ஜெனோவா அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டே, போனை வாய்க்கு அருகில் பிடித்துப் பதிவை அழுத்தி, அப்பாவின் குரலில் படகை மணலில் இழுத்தாள்:

"ஏல கஸ்பாரு, நல்லாக் கேட்டுக்கோ. நீ இரும்புத் தட்டு ஒண்ணும் போடாத. வெறுங்கம்பிய எடு. தட்ட மனசுல போடு, மனசுல போட்டுத் திருகி இறுக்கு. வாரம் ரெண்டரை கிலோ மனசுலயே கூட்டு. கூட்டும்போது மூச்சு வாங்கணும், பாத்துக்கோ. மஸ்கட்ல இப்ப எல்லாரும் இதத்தாம்ல செய்யுதானுவ."

மறுநாள் சன்னலுக்கு வெளியே ஜெனோவாவும் பவுலினும் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே கஸ்பார் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒன்றுமில்லாததை இரண்டு கையாலும் பற்றி, இடுப்பில் அணைத்துக்கொண்டு, கால் அகட்டி நடந்து வந்து, கம்பியில் கோத்து, திருகை இறுக்கினான். "கொஞ்சம் தள்ளிக்கோ மக்கா, கால்ல விழுந்துரும்" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான், அவனும் தள்ளிக்கொண்டான். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் விளையாட்டு அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் சொன்னது மாஸ்டர் குரலாயிற்றே, "மாஸ்டர் சொன்னா சரியாத்தாம்ல இருக்கும்" என்றார்கள், அவரவர் கம்பியை எடுத்துக்கொண்டு அவரவர் எட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் திருகு சரியாக இறுகாமல் கஸ்பாரின் வலப்பக்கத் தட்டு நழுவி விழுந்தது, தரையில் ஒரு டைல்ஸ் உடைந்தது, "பாத்து எடுல" என்று நாலு பேர் சொன்னார்கள், ஒருவன் துடைப்பம் எடுத்து வந்து உடைந்த சில்லைக் கூட்டினான்.

பிறகு கம்பி வளைய ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் கஸ்பார் அதைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தபோது இரண்டு முனையும் மூங்கில் போலத் தழைந்து தழைந்து எழுந்தன, அவன் டேப்பை எடுத்துக் கையைச் சுற்றினான், பத்தேகால். கழற்றி வைத்த தட்டுகளைச் சுவர் ஓரத்தில் அடுக்கினான், ஜிம்முக்கு வருகிறவர்கள் அதில் கால் தடுக்கி விழுந்து, எழுந்து, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தெரசம்மா வந்து, "ஏல கஸ்பாரு, ஒனக்குச் சின்னதாப் போன தட்டு ஒண்ணு ரெண்டு குடேம்ல, சீலாக் கருவாட்டுக்குப் பாரம் வைக்கணும், கல்லு வச்சாக் கறை புடிக்கி" என்று கேட்டு வாங்கிப் போனாள், ஒன்றுமில்லாததால் அழுத்திய கருவாட்டில் கறையே பிடிக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னாள், அதன் பிறகு வலை காயப்போடுகிறவர்கள் வந்தார்கள், கூரைத் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க வேண்டியவர்கள் வந்தார்கள், கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வந்து பாட்டுப் புத்தகத்தின் தாள் புரளாமல் இருக்க ஒரு அரைக்கிலோ இல்லாமையைக் கேட்டு வாங்கிப் போனார். மீன் ஏலத்தில் அதை எடைக்கல்லாக வைக்கலாமா என்று ஒரு சண்டை வந்தது. முத்திரை போடுகிற அதிகாரி பக்கத்து டவுனிலிருந்து வந்து, தராசில் வைத்துப் பார்த்து, எடை ஒரு கிராம் பிசகாமல் சரியாக இருக்கிறது என்றார், ஆனால் முத்திரையை எங்கே குத்துவது என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஊரில் இரண்டே பேருக்குத்தான் அந்தத் தட்டுகள் கனக்கவில்லை. ஜெனோவா சுண்ணாம்புக் கோட்டுக்குள் கையை விட்டால் கை காற்றில் போய் வந்தது, பவுலினுக்கும் அப்படியே. "நமக்குத் தெரியும்லாட்டி, அதான்" என்றாள் பவுலின், சும்மாதான் சொன்னாள், சொல்லிவிட்டுப் புட்டு வாங்கப் போய்விட்டாள், ஆனால் ஜெனோவா அங்கேயே நின்றாள், அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, அதுதான் அவள் முதன்முதலாக உணர்ந்த கனம், தட்டாக விழுந்து உட்கார்ந்தது. தெரிந்தவர்களுக்குக் கனமில்லை. அப்படியானால் கஸ்பாருக்குத் தெரிகிற அன்றைக்கு அவன் தூக்கியது எல்லாமே தூக்காததாகிவிடுமா? கையில் ஏறிய ஒவ்வொரு இன்ச்சும், தொடையில் திரண்ட ஒவ்வொரு முண்டும், காற்று இறங்கிய டியூப் மாதிரி வற்றிவிடுமா? அதுவும் சப்பரம் தோளில் இருக்கும்போது, அந்தோணியாரும் குழந்தை இயேசுவும் விளக்குகளும் பூவும் எல்லாம் அவன் தலைமேல் நிற்கும்போது?

சொல்லாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கஸ்பார் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டான். வாரம் ஒருமுறை அவன் மாஸ்டருக்கு அனுப்புவதாக நினைத்து ஜிம் போனில் பேசி வைப்பான், "மாஸ்டர், நேத்து எங்கய்யா சட்டையப் போட்டுப் பாத்தேன், தோளு நெறஞ்சு நிக்கி, நீங்க நல்லா இருக்கணும் மாஸ்டர்" என்று, அதை மஸ்கட்டுக்கு அனுப்பவும் முடியாமல் அழிக்கவும் முடியாமல் ஜெனோவா வைத்துக்கொண்டிருந்தாள். போன் பிடித்துக் காட்டுகிற பிள்ளைக்கும் ஏதாவது செய்ய வேண்டுமென்று, அளவே எடுக்காமல், கண் அளவிலேயே அவளுக்கு ஒரு சுடிதார் தைத்துக் கொண்டுவந்தான். "போட்டுப் பாரு பிள்ள, அக்குள்ல புடிச்சாச் சொல்லு, பிரிச்சுத் தாறேன்" என்றான். அது எங்கேயும் பிடிக்கவில்லை. பிடிக்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிட ஜெனோவா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கூண்டுக்கு முன்னால் முழங்கால் போட்டு, தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் செருமல் கேட்டதும், பயத்தில் அவள் தொண்டைக்குள் குடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள், முண்டியடித்து முதலில் வெளியே வந்தது தெரசம்மா. "சாமி, நான் ஒருத்தன ஏமாத்திப்புட்டேன் சாமி, இல்லாதத இருக்குன்னு சொல்லிட்டேன்" என்று தெரசம்மாவின் குரலிலேயே எல்லாம் சொல்லி முடித்தாள், பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கருவாட்டு வியாபாரத்தில் நேர்மை பற்றிச் சாமியார் முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார், தெரசம்மாவைப் பார்த்துக்கொண்டே வைத்தார், தெரசம்மா ஒன்றும் புரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பாவத்தை இறக்கி வைக்கப் போனவள் இரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவனை இரும்புக்குத் திருப்ப முயன்று பார்த்தாள். "ஏல, இனி இரும்பப் போடுல" என்று மாஸ்டர் குரலில் சொன்னாள், கஸ்பார் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இரும்பு கையில ஒட்டமாட்டேங்கு, இதுவே பழகிட்டு" என்று பதில் பேசி வைத்தான்.

அப்புறம்தான் அவள் அந்த ஆறு நிமிடத்தைத் தேடி எடுத்தாள், மாஸ்டர் உண்மையாக அனுப்பி அவள் ஒளித்து வைத்திருந்ததை. நோட்டு ஒன்றில் அதை வரிவரியாக எழுதினாள், புரியாததையெல்லாம் "அப்பா, ஜிம்ல ஒரு பையன் கேக்கான்" என்று மஸ்கட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள், மாஸ்டரும் மகளுக்குத் திடீரென்று இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டதே என்று பூரித்துப்போய் விலாவாரியாகச் சொன்னார். மூன்று செட்டிலும் எட்டு சுத்தமாக வந்தால்தான் ரெண்டரை கூட்டணும், ஏழில் முக்கினால் அடுத்த வாரமும் அதே எடைதான். இன்றைக்குக் காலும் தோளும் என்றால் நாளைக்குக் கம்பியைத் தொடவே கூடாது, சதை தூக்கும்போது வளர்வதில்லை, தூங்கும்போதுதான் வளரும். நாலாவது வாரம் பாதி எடையாக இறக்கு, இறக்கினால்தான் அஞ்சாவது வாரம் ஏறும். சுமப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும், கம்பியை ஒரு தோளில் வைத்து ஜிம்மைச் சுற்றி நட, வலது தோளில் நாலு சுற்று என்றால் இடதிலும் நாலு, இல்லாவிட்டால் முதுகு கோணிவிடும். இதையெல்லாம் அவள் கஸ்பாருக்கு மாஸ்டர் குரலில் பிசகாமல் சொன்னாள், அவன் தூக்கும்போது கேட்க எட்டை மூன்று தடவை எண்ணியும் பேசி வைத்தாள், "ஏல, ரெண்டு மணி வரைக்கும் மெஷின் மிதிச்சேன்னு வையி, தொலைச்சுருவேன்" என்று அதட்டித் தூங்க வைத்தாள், அவள் தங்கியிருந்த சித்தி வீட்டில் கோழி இடுகிற முட்டையெல்லாம் "மாஸ்டர் குடுக்கச் சொன்னாரு அண்ணே" என்று அவன் தையல் கடையில் கொண்டுபோய் வைத்தாள், சித்தி கோழியைச் சந்தேகப்பட்டுக் கசாப்புக்குக் கொடுக்கப் பார்த்தாள். பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டேகால். டேப் ஏற ஏற ஜெனோவா மெலிந்தாள். மாஸ்டரைத் தவிர ஊரில் யாரைப் போலவும் பேசிக்காட்டவில்லை. ஐஸ் கம்பெனிச் சங்கு பல வாரமாகச் சரியாக ஐந்து மணிக்கு மட்டும் ஊதியது.

திருவிழா அன்று காலை மாஸ்டர் வந்து இறங்கினார், பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே கோயில் முற்றத்துக்குப் போனார், போகிற வழியில் கஸ்பாரைப் பார்த்தார். அவன் தோளையும் கழுத்தையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னபடி செஞ்சியோல?" என்றார். "ஒண்ணு விடாம மாஸ்டர்" என்றான் கஸ்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள். தூரத்தில் கொடிமரத்துக்குப் பின்னால் நின்ற ஜெனோவா மட்டும் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

சப்பரம் எழும்பியது. பதினாறு பேர், முன் வலது தண்டில் கஸ்பார், அப்பா சட்டையில், தோளில் மடித்த துண்டு. வெடி வெடித்தது, பேண்டு வாத்தியம் முழங்கியது, மாலை வெயிலில் அந்தோணியார் அசைந்து அசைந்து கிளம்பினார். முதல் தெரு, இரண்டாம் தெரு, ஐஸ் கம்பெனி முக்கு. சில்வேறா அண்ணாச்சி தண்டுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார், எங்கே முழங்கால் ஆடும் என்று பார்த்துக்கொண்டு. முழங்கால் ஜிம்முக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் ஆடியது. மணல் ஏற்றம், கால் புதைகிற இடம், பாரம் எல்லாம் முன்னாலிருந்து பின்னால் சரியாமல் பிடித்து ஏற்ற வேண்டிய இடம். கஸ்பாரின் கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு அடி வைத்தான், இன்னொரு அடி வைக்கப் போய் நின்றான். "முடியலன்னா இறக்கிருல" என்றார் சில்வேறா அண்ணாச்சி, மிக மெதுவாக, ஆசையாக.

கஸ்பார் கண்ணை மூடினான். அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பா எங்கே என்று ஜெனோவா தேடவில்லை, தேட நேரமில்லை, சப்பரத்துக்குப் பின்னாலிருந்து வயிற்றிலிருந்த கனத்தையெல்லாம் சேர்த்து எக்கி, படகை மணலில் இழுத்தாள்:

"எட்டு! கடைசி ஒண்ணுல! எட்டு! ஏல கஸ்பாரு, கடைசி ஒண்ணு!"

கால் தானாக எழுந்தது. ஒரு அடி, இரண்டு அடி, ஏற்றத்தின் உச்சி. அங்கே கஸ்பார் கண்ணைத் திறந்தான்.

அவனுக்கு நேர் முன்னால், மூன்றடி தூரத்தில், ஜிம் வாசலில், தஸ்நேவிஸ் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தலையை அண்ணாந்து, வெல்லம் கரைத்த பானக்கரம் நிறைந்த செம்பை உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, ஒரே தாரையாக வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எட்டு!" என்றது மாஸ்டரின் குரல், பின்னாலிருந்து. "கடைசி ஒண்ணு!"

மாஸ்டர் குடித்துக்கொண்டிருந்தார்.

கஸ்பார் செம்பைப் பார்த்தான், தாரையைப் பார்த்தான், தண்டுக்கு அடியில் கழுத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பினான். அவன் தைத்த சுடிதாரில், வாயைத் திறந்தபடி, அடுத்த எட்டு பாதியில் நிற்க, ஜெனோவா.

அந்த நொடியில் ஊர் முழுக்க ஒரு சத்தம் கேட்டது, யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி. தெரசம்மா வீட்டு மாடியில் கருவாட்டு மூடி தானாக எழும்பியது, கோயிலில் பாட்டுப் புத்தகம் கடகடவென்று புரண்டு கடைசித் தாளுக்குப் போனது, கூரைகளின்மேல் பாரம் இழந்த தார்ப்பாய்கள், நீலமும் மஞ்சளுமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் எழுந்து சப்பரத்துக்கு மேலே கடலைப் பார்க்கப் பறந்தன. ஜெனோவா கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தோணியார் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. அவள் மெல்லத் திறந்து பார்த்தபோது தண்டு இருந்த இடத்திலேயே இருந்தது, தண்டுக்கு அடியில் ஒரு இன்ச்சும் வற்றாமல் தோள் இருந்தது, தோளுக்கு மேலே திரும்பிய முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ... பன்னெண்டு வாரமும் நீதானாட்டி?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சாமியார் வரவில்லை, தெரசம்மா வரவில்லை, மாஸ்டர் வரவில்லை. "ஆமாண்ணே" என்று கீச்சென்று ஒரு குரல் வந்தது, அது யாருடையது என்று அவளுக்கே சட்டென்று தெரியவில்லை.

"இன்னும் மூணு தெரு கெடக்கு," என்றான் கஸ்பார். "இத இறக்கி வச்சிட்டு வாறேன். எங்கயும் ஓடாத."

சொல்லிவிட்டு முன்னால் திரும்பினான், ஒரு அடி வைத்தான், அப்போதுதான் அவனுக்கு அது வந்தது, முதலில் தோளில், பிறகு முதுகில், பிறகு வயிற்றில், மேலே அந்தோணியாரும் குழந்தையும் விளக்குகளும் பூவும் எல்லாம் குலுங்கக் குலுங்க, ஊரே திரும்பிப் பார்க்க, அந்தச் சிரிப்பு.